மூன்றாவது பெட்டி

சாவியைத் திருப்பியதும் ரேடியேட்டர் விசிறி மட்டும் ஹோவென்று சுற்றியது. என்ஜின் வாயே திறக்கவில்லை.

ஷர்ஷென் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். காரின் கம்ப்யூட்டர் பதில் சொல்லவில்லை. ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருந்தது. கம்பியில் கரண்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

காரோடு வந்தது ஒன்று, இவர் மாட்டியது ஒன்று. ஒரே கோடையில் இரண்டு கம்ப்யூட்டர் செத்துவிட்டது.

வேறு யார் காராக இருந்தாலும், "போய் வேற மெக்கானிக்கைப் பாரு" என்று விரட்டியிருப்பார். இது சம்பந்தியின் கார். பெண்ணைக் கொடுத்த இடம்.

வசந்தத்தில்தான் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரே சீர்வரிசையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் விருந்து, ஆடுகள் மலையிலிருந்து இறங்கிய பிறகுதான். அதுவரை மகள் அங்கே போகக்கூடாது. அப்பாவும் சும்மா இங்கே எட்டிப்பார்ப்பது முறையில்லை.

காரை எட்டிப்பார்க்க வரலாம். அதற்கு எந்த முறையும் குறுக்கே நிற்கவில்லை.

சம்பந்தி கால்மாத், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். வேலிமேல் அக்கம்பக்கத்து ஆண்கள் நாலைந்து பேர். ஜும்கால் ஊரில் அன்றைக்கு இதைவிட நல்ல வேடிக்கை எதுவும் இல்லை போலிருக்கிறது.

"சம்பந்தி, நீங்க குடுத்ததுல உங்க பொண்ணு மட்டுந்தான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு!" என்றார் கால்மாத்.

வேலி குலுங்கச் சிரித்தார்கள்.

ஷர்ஷெனும் சிரித்து வைத்தார். உள்ளுக்குள் எரிந்தது. சமையலறை ஜன்னல் திறந்துதான் இருந்தது. மகள் பெர்மெட் காதில் விழுந்திருக்கும். புகுந்த வீட்டில் ஒரு மருமகள் இதையெல்லாம் தினம் கேட்டுக்கொண்டு எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? இன்றைக்குக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போவதில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

முன் இருக்கையின் காலடியில் விரிப்பைத் தூக்கிக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றினார். குப்பென்று ஒரு புளிப்பு வாடை. பின்களெல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தன.

குமிஸ். சந்தேகமே இல்லை. புளித்த குதிரைப்பாலுக்கு வேறு எந்த வாடையும் ஈடாகாது.

ஆக, சம்பந்தி மேய்ச்சல் நிலத்திலிருந்து பாட்டிலில் கொண்டு வருகிறார். அந்த ரோட்டில் குலுங்கினால் மூடி பறக்கும், கார் முழுக்க அபிஷேகம்தான். ஆனால் சம்பந்தியிடம் போய், தப்பு உங்களுடையது என்று எந்த வாயால் சொல்வது?

"மலையிலேர்ந்து குமிஸை எதுல கொண்டுவர்றீங்க, சம்பந்தி?" என்று பட்டும் படாமலும் கேட்டார்.

"குதிரையிலதான். இந்தக் காரை நம்பி குமிஸை ஏத்துவனா நான்?"

மறுபடி வேலி குலுங்கியது.

ஷர்ஷெனுக்குக் குழப்பமாகிவிட்டது. விரலால் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"பாருங்கடா, டோக்மோக் டவுன் மெக்கானிக் நக்கிப் பாத்துத்தான் வைத்தியம் பண்றாரு!" என்றது வேலியிலிருந்து ஒரு குரல்.

அது அவர் காதில் ஏறவில்லை. புளிப்புக்கு அடியில் இன்னொரு ருசி இருந்தது. கருகல்.

குமிஸ் ஊற்றுவதற்கு முன் மரத்தொட்டிக்கு எல்லார் வீட்டிலும்தான் புகை காட்டுவார்கள். போனில் பேசிக்கொண்டே தொட்டியையே கருக விடுகிறவள் அவருக்குத் தெரிந்து ஒருத்திதான். அந்தக் கருகலை முகம் சுளித்துக்கொண்டே வருஷக்கணக்கில் குடித்தவர் அவர்.

காருக்குள் இருந்தபடியே சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு பையிலிருந்து மாற்றுப் பெட்டியை எடுத்தார். பிஷ்கெக் பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்த மூன்றாவது பெட்டி அது. இந்தக் காரின் சாவியை அடையாளம் தெரிந்துகொள்ள, கடையிலேயே பழக்கிக் கொண்டு வந்திருந்தார். ஏற்கெனவே திட்டமிட்டபடி ரப்பர் உறை போட்டு, டேஷ்போர்டுக்குள் உயரத்தில், ஒரு சொட்டும் எட்டாத இடத்தில் முறுக்கினார்.

சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒரே உறுமலில் எழுந்துகொண்டது. வேலிக்காரர்கள் ஏமாந்துபோனார்கள்.

பெர்மெட் தேநீர்க் கிண்ணத்தோடு வந்தாள். மாமனார் எதிரில் இருப்பதால் தலைத்துணியை இழுத்துவிட்டு, பார்வையைத் தாழ்த்தி, பதவிசாக நின்றாள்.

"அப்பா, இது எத்தனை நாள் தாங்கும்?"

"மேல ஏத்தி மாட்டிட்டேம்மா. பத்து வருஷத்துக்குக் கவலையில்ல."

"பத்து வருஷமா?"

குரல் அழுகிற மாதிரி இருந்தது. டேஷ்போர்டை நிமிர்ந்து பார்த்தாள். எட்டுமா என்று கண்ணாலேயே அளந்தாள்.

ஷர்ஷென் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

"ஓடுற காரை எதுக்கு மறுபடி கழட்டுறீங்க?" என்று கால்மாத் வாளியிலிருந்து எழுந்தே விட்டார்.

"மேல சூடு ஜாஸ்தி, சம்பந்தி. பழைய இடத்துலயே இருக்கட்டும். நின்னா சொல்லி அனுப்புங்க, ஓடி வந்துர்றேன்."

"ஒரு மாசம் தாங்குமா?"

"சொல்ல முடியாது."

அடுத்த முறை வேலிமேல் ஊரே உட்கார்ந்திருக்கும். உட்காரட்டும். ரப்பர் உறையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, காலிக் கிண்ணத்தை மகள் கையில் கொடுத்தார்.

"இனிமேயாவது தொட்டியைக் கருக விடாம புகை போடு," என்றார் மெதுவாக. "நாக்குல வைக்க முடியல."