சைக்கிளை விட்டு இறங்கிய ஊர்

பின்கழுத்து மரக்கட்டையாக இறுகிப் போயிருந்தது. நாள் முழுக்க மூட்டை சுமந்தவனைப் போலக் குனிந்த தலையோடு குசினிக்குள் வந்து கதிரையில் விழுந்தார் பாக்கியரத்தினம். உட்கார்ந்த இடமும் நொந்தது. ஆனாலும் முகத்தில் புது மாப்பிள்ளைச் சிரிப்பு.

“கமலேஸ்வரி, இண்டைக்கும் எல்லாரும் இறங்கினவங்கள்.”

மனைவி நோவெண்ணெய்ப் போத்தலோடு வந்தாள். “ஆர், எதில இருந்து இறங்கினது?”

“சைக்கிள விட்டு. என்னக் கண்டவுடன.”

பாக்கியரத்தினம் சாம்பல்தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய காலத்தில் எதிரே அதிபர் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பதுதான் ஊர் வழக்கம். இறங்காதவனின் உள்ளங்கை அடுத்த நாள் வீங்கியிருக்கும்.

பென்சன் எடுத்த பிறகு ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. போன வருசம் சனசமூக நிலையக் கூட்டத்தில் தலைவர் பதவிக்குத் தன் பெயரைத் தானே சொன்னார். வழிமொழிய ஒரு கை எழும்பவில்லை. வாயில் வெற்றிலையோடு சும்மா இருந்த, மீன்பிடி வள்ளங்கள் வைத்திருக்கும் சம்மாட்டி குணரத்தினத்தைத் தூக்கித் தலைவராக்கினார்கள். அந்த வெட்கம் இன்னும் நெஞ்சுக்குள் கிடந்தது. நாளை மறுநாள் அடுத்த கூட்டம். இந்த முறையும் தோற்றால் சாம்பல்தீவில் தலைகாட்ட ஏலாது.

தகப்பனின் வண்டி வயிற்றைப் படத்தில் பார்த்துப் பயந்துதான் சுவிசிலிருந்த மகன் ரேஸ் சைக்கிள் ஒன்றை இறக்கிக் கொடுத்தான். வாலிபத்தில் ரேஸ் ஓடியவர்தான் அவர். வேலை கிடைத்து மோட்டார் சைக்கிள் வாங்கியதோடு முப்பது வருசம் மிதியைத் தொடவில்லை. இப்போது ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டிலைப் பிடித்து, வயிறு தொடையில் முட்ட, முன்னால் ஒரு முழத் தார் ரோட்டை மட்டும் பார்த்தபடி துறைமுகம் வரைக்கும் மிதித்துவிட்டு வருகிறார். நிமிர்ந்தால் கழுத்து பிடுங்கும்.

“முதல் நாள் ஒருத்தனும் இறங்கேல்ல. பிறகுதான் ஆரெண்டு விளங்கியிருக்கு,” என்றார். “இண்டைக்கு ஒரு நேவிக்காரப் பெடியனும் இறங்கினவன்.”

“அந்தச் சிங்களப் பெடியனுக்கு நீங்க எப்ப படிப்பிச்சனீங்க?”

“படிப்பிச்சாத்தானோ? அதிபர் எண்டது முகத்தில எழுதியிருக்குமெல்லே.”

“அந்தத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டா நானே உங்கள ஆரெண்டு கேப்பன்,” என்று சொல்லிக் கமலேஸ்வரி கழுத்தை ஓர் அமத்து அமத்தினாள். அவர் கத்தினார்.

மறுநாள் சனிக்கிழமை காலையிலும் அதே மரியாதைதான். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மிதித்தார். மீன்பெட்டி கட்டிய ஒருவன் அவசரமாக இறங்கினான். பின்னால் பிள்ளையை ஏற்றி வந்த ஒரு தாய், இறங்கினது போதாதென்று பிள்ளையையும் சைக்கிளையும் இழுத்துக்கொண்டு ரோட்டோரச் சாக்கடைக் கானைத் தாண்டிப் போய் நின்றாள். அவர் ஒவ்வொன்றையும் நாளைய கைகளாகக் கணக்கில் போட்டுக்கொண்டார்.

சல்லிச் சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் இருந்த விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துச் சைக்கிளை நிற்பாட்டினார். உள்ளே மேசன் வேலை செய்யும் வினோதன் இருந்தான். அவருடைய பழைய மாணவன். அவரைக் கண்டதும் கிளாசோடு எழும்பினான்.

“இரு, இரு. உன்னைத்தான் தேடினனான். நாளைக்குக் கூட்டத்தில என்ட பேர நீ முன்மொழியவேணும்.”

“நானோ சேர்?”

“நீதான். ஊர் கை தூக்கும். இந்தக் காலத்துப் பெடியளும் என்னக் கண்டு கான் தாண்டிப் போய் நிக்கிறாங்கள், பாத்தனியே?”

“பாத்தனான் சேர்.”

“குணரத்தினம் போனா ஒரு நாயெண்டாலும் எழும்புதோ?”

“இல்ல சேர். அவர் போனா ஆரும் அசையிறேல்ல.”

“அதுதான் வித்தியாசம். மரியாதயக் கேட்டு வாங்க ஏலாது. தானா வரவேணும்.”

மூலையில் ஒருவனுக்குத் தேத்தண்ணி புரையேறியது. கடைக்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

பாக்கியரத்தினம் எதையும் கவனிக்கவில்லை. அவர் ஏற்கெனவே தலைவராகிவிட்டிருந்தார். “வந்தவுடன முதல் வேல, இந்தச் சந்திப் பள்ளத்த மூடுவிக்கிறதுதான். செவ்வாய்க்கிழம விடிய வரேக்க டங்கெண்டு தூக்கிப் போட்டுது. வேற ஆளெண்டா விழுந்திருப்பான்.”

“நீங்க விழேல்ல சேர்.”

“நான் விழுறதோ? பின்னால ‘சேர், சேர்’ எண்டு ஒரே சத்தம். திரும்பிப் பாக்கக் கழுத்து விடேல்ல. கையக் காட்டிப்போட்டுப் போனனான். பாவம், சனத்துக்கு அவ்வளவு அன்பு.”

வினோதன் கிளாசை மேசையில் வைத்தான். பழைய பழக்கத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

“என்னடா முழுசுறாய்? பயப்படாமச் சொல்லு. முன்மொழிவியோ மாட்டியோ?”

“அது பள்ளமில்ல சேர், நான். அந்த நாளில இருந்துதான் சனம் உங்களக் கண்டு பாஞ்சு இறங்குது. என்ட சைக்கிளுக்கு ஒரு முன்சில்லு நீங்க வாங்கித் தரவேணும்.”