துண்டு போடாத ரொட்டி

"கத்தியை எங்கேம்மா வச்சிருக்கே?" என்று கேட்டுக்கொண்டே கடைசி இழுப்பறையையும் இழுத்துப் பார்த்தாள் தையலக்கா. கரண்டி, மத்து, வடிகட்டி எல்லாம் இருந்தன. வெட்டுகிற சாமான் ஒன்றுகூட இல்லை.

அடுப்பருகே நின்ற எதிர்வீட்டுக்காரி தன்னை ஒட்டிக்கொண்டு நின்ற மகளை ஒரு பார்வை பார்த்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தக்காளியைக் கையாலயே பிசைஞ்சுக்கலாம் ஆன்ட்டி. அதான் ருசி" என்றாள் பெண், தரையைப் பார்த்தபடியே.

அந்த மாடியில் இரண்டே வீடுகள். ஒன்றில் தையலக்கா மிஷின் போட்டுத் துணி தைக்கிறாள். எதிர்வீட்டுக்கு இவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள். அப்பாக்காரர் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பெண்ணுக்குக் கல்லூரிக்குப் போகிற வயசு, போவதில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், கேட்டால்தான் பேச்சு.

ஒரு நாள் தன் வீட்டில் தண்ணீர் வராமல் தையலக்கா இவர்கள் வீட்டுக் குளியலறைக்கு வந்தபோது, கதவில் தாழ்ப்பாளே இல்லை. அது இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்குக் கத்தியும் இல்லையென்றதும் தையலக்காவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

அம்மாக்காரிதான் பாவம், கலகலவென்று பேசிச் சமாளித்துக்கொண்டிருந்தாள். "தக்காளி டோஸ்ட் செய்யக் கத்துத் தரேன், வாங்கக்கா" என்று அவளே வலிய வந்து கூப்பிட்டிருந்தாள். பழுத்த தக்காளியைக் கிண்ணத்தில் போட்டு, உப்பும் மிளகுத்தூளும் தூவி, ஆலிவ் எண்ணெய் விட்டுப் பிசைந்தாள். சாறு வழிந்து அவளுடைய முழுக்கைச் சட்டையின் விளிம்பை நனைத்தது.

"நல்ல துணிம்மா அது, கறை புடிச்சாப் போகாது. கையை மடிச்சு விட்டுக்கக் கூடாதா? புழுக்கம் வேற உயிரை எடுக்குது."

"துணிதானேக்கா, போனாப் போகுது" என்று சிரித்தாள். "ரொட்டியைத் துண்டு போட்டு வாட்டி, சூடு ஆறதுக்குள்ள பூண்டை மேலே தேய்க்கணும். அப்புறம் தக்காளி, அதுக்கு மேலே நம்ம துளசி மாதிரி இருக்குமே, அந்தப் பேசில் இலை. அவ்வளவுதான் வேலை."

பொட்டலத்தைப் பிரித்தவள் உச்சுக்கொட்டினாள். "அடடா, துண்டு போடாத ரொட்டியா வாங்கித் தொலைச்சிருக்கேன்! சரி, பாப்பா, பால்கனித் தொட்டியிலேர்ந்து பேசில் கிள்ளிட்டு வா. தளிராப் பாத்து."

பெண் நகரவில்லை.

"போடி. அதான் அக்கா இருக்காங்கள்ல?"

பெண் தையலக்காவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு போனாள்.

பால்கனிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அம்மாவின் சிரிப்பு நின்றது. தையலக்காவின் கையைப் பற்றிக்கொண்டாள். அந்தக் கை ஜில்லென்றிருந்தது.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்குக்கா. வீட்டுல ஒரு கத்தி வச்சுக்க முடியலை. புரிஞ்சுக்குங்க. இந்த ரொட்டிக்கு மட்டும் உங்க கத்தியைக் குடுங்க. அவ கண்ணுல படக் கூடாது."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. எனக்குத் தெரியாதா?" தையலக்கா ஓட்டமும் நடையுமாகப் போய், கத்தியை வெட்டுத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். "பாத்தும்மா, இப்பத்தான் சாணை புடிச்சது."

அம்மா அதை வாங்கி மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகினாள். பெண் கைநிறைய இலையோடு உள்ளே வந்தபோது இருவரும் ரொட்டி வாட்டுகிற கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சுடச்சுட டோஸ்ட் போட்டுக் குடுத்து விடறேன்க்கா" என்று அம்மா அனுப்பி வைத்தாள். புறப்படும்போது தையலக்காவுக்கு மனசு கேட்கவில்லை. வாசல்வரை வந்த பெண்ணின் தலையைத் தடவிக்கொடுத்தாள். "படிப்பு எங்கேயும் ஓடிடாது கண்ணு. மனசைத் தளர விட்டுடாதே. எது வந்தாலும் அம்மாவை நினைச்சுக்கோ."

பெண்ணின் கண்கள் தளும்பின. "அம்மாவைத்தான் ஆன்ட்டி எந்நேரமும் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தாள் தையலக்கா. தன்னால் ஆன சின்ன உதவி என்ற நினைப்பில் கால் தானாக மிதித்தது. ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்து முடிப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது.

பெண் தட்டோடு நின்றாள். அவள் சிரித்துத் தையலக்கா பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அம்மா குடுத்து விட்டாங்க. நீங்க சாப்பிட்டு எப்படி இருக்குன்னு சொல்ற வரைக்கும் கூடவே இருந்து கேட்டுட்டுத்தான் வரணுமாம்."

பூண்டும் பேசிலும் கமகமத்தன. ஆனால் தட்டிலிருந்த ரொட்டி கோணலும் மாணலுமாக, கையால் பிய்த்துப் போட்டது போலிருந்தது.

"என்ன கண்ணு, இப்படிப் பிச்சு வச்சிருக்கு? அவ்வளவு நல்ல கத்தி குடுத்தேனே!"

சொன்ன பிறகுதான் தையலக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். போயும் போயும் இந்தப் பெண்ணிடமா கத்திப் பேச்சை எடுப்பது!

பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. தட்டு கைநழுவி விழுந்து சிதறியது.

"அம்மா கையிலயா குடுத்தீங்க?"