இரண்டு கிலோ குறைவு

மலையுச்சி விமானதளத்து எடை இயந்திரம், ஏறி நிற்பவர் முகம் கோணக்கூடாதென்று ஆளுக்கு இரண்டு கிலோ குறைத்தே காட்டும். அதனால் எல்லோருக்கும் அதைப் பிடிக்கும்.

ஒரு மழைநாளில் குட்டி விமானம் கேட்டது: “அக்கா, ஓடுபாதை ஈரமாக இருக்கிறது, முடிவில் பள்ளம். ஏழு பேரும் நீ காட்டிய எடைதானே?”

இயந்திரம் உண்மையைச் சொன்னது: “இல்லை தம்பி. பதினாலு கிலோ கூட.”

அதைக் கேட்ட விமானி, விமானத்திலிருந்து ஒரு பலாப்பழத்தை இறக்கி இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தார்.

“நேத்து வரைக்கும் நல்லவளாத்தானே இருந்தே!” என்று பழம் கத்தியது.

இயந்திரம் ஓடுபாதையையே பார்த்தது. பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் விமானத்தின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின.

சற்று நேரம் கழித்துப் பழம் மெதுவாகக் கேட்டது: “அக்கா, நான் எத்தனை கிலோ?”

“பதினாலு.”