கிழக்கு வாசல்

மோர்னிங்சைட்டில் ஆங்கிலேயப் பாதிரியார்கள் குடியிருந்த பழைய வீடொன்றை யோகராணி அக்காவுக்குக் காட்டினேன். நூற்றைம்பது வருடங்களில் வந்தவரெல்லாம் அதில் எதையாவது மாற்றியிருந்தார்கள். ஒருவர் கிழக்கு வாசலருகே இருந்த மாடிப்படியைப் பிடுங்கிப் பின்பக்கம் வைத்தார். இன்னொருவர் அந்த வாசலையே செங்கல்லால் அடைத்தார். எல்லாவற்றையும் பழமையின் அழகு என்று சொல்லி விற்பது என் தொழில்.

அக்காவும் கணவரும் விட்பியில் இருந்த தங்கள் வீட்டை விற்றாயிற்று. உடனே வேறு வீடு வேண்டும். ஆனாலும் அக்கா பிடிகொடுக்கவில்லை.

"தெற்கு வாசல் வீடு சும்மா தந்தாலும் வேண்டாம், தம்பி."

"கிழக்கு வாசல் இந்தச் சுவருக்குள்ளதான் இருக்கு அக்கா. உடைச்சால் சரி."

சந்தையில் பலாப்பழம் பார்ப்பதுபோல அவர் சுவரைத் தட்டினார்.

சுவருக்குள் யாரோ மரப்படியில் மெதுவாக இறங்கி வந்தார்கள். தாழ்ப்பாள் விலகியது. எங்கள் முன்னால் சுவர் அப்படியே இருந்தது.

அக்காவின் போன் அடித்தது. கார் நிறுத்தப் போன கணவர் இரத்தினவேல்.

"கறுப்பு அங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரர் கிழக்குப் பக்கக் கதவைத் திறந்துவிட்டவர். நான் இதாலயே வாறன்."

"ஐயோ, உதால வராதேங்கோ!"

போன் கட்டாகிவிட்டது. சுவருக்குள் கதவு சாத்தப்பட்டது. பிறகு இரண்டு பேர் படியேறும் சத்தம் கேட்டது.