ரெட்டை ஜடை

பக்கவாதம் வந்து தில்லைக்கரசியின் இடது கை விழுந்துபோனபோது அவள் மகள் நிறைமதி மூன்றாம் வகுப்பில் இருந்தாள். கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று அளந்து காட்டும் உறையை மாட்டிய அன்று சிகிச்சை மையத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"இந்தக் கை எதைச் செஞ்சா குணமாயிடுச்சுன்னு சொல்லுவீங்க?"

"என் பொண்ணுக்கு ரெட்டை ஜடை பின்னி, மடிச்சு ரிப்பன் கட்டணும்."

அதோடு சரி. பத்து வருஷமாக அந்த உறை அதை மட்டுமே அளந்தது. டம்ளரைப் பிடித்தாள், பூஜ்யம். காய்ச்சலில் கிடந்த மகளின் நெற்றியைத் தடவினாள். அதற்கும், பாருங்களேன், பூஜ்யம்தான்.

இன்றைக்கு மையத்தில் பழக வைத்திருந்த, முடி வைத்த ரப்பர் தலையில் இரண்டு ஜடையும் பின்னி, மடித்து, ரிப்பனை இறுக்கினாள். உறை பச்சையாக ஒளிர்ந்தது.

"நூத்துக்கு நூறுக்கா! குணமாயிட்டீங்க!" என்று குதித்தாள் பயிற்சி கொடுக்கும் புஷ்கலா.

வாசலில் நிறைமதி நின்றாள். இப்போது கல்லூரிக்குப் போகிறவள். கிராப்புத் தலை. தினம் யார் பின்னிவிடுவது என்று அம்மாவுக்குக் கை விழுந்த வருஷமே அப்பா வெட்டிவிட்டார். அம்மா பார்த்து ஏங்குவாளே என்று அவளும் அப்புறம் வளர்க்கவில்லை.

வந்து அம்மாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். "எனக்கும் பின்னும்மா."

"எதைடி பின்ன?"

"சும்மா பின்னேன். ஸ்கூல் பெல் அடிக்க இன்னும் நேரம் இருக்கு."

தில்லைக்கரசி நடுவகிடு எடுத்தாள். விரல்கள் குட்டை முடியைத் தாண்டி, தோள்வரைக்கும் வெறும் காற்றைப் பின்னிக்கொண்டே இறங்கின. உறை பூஜ்யம் காட்டியது. மகளின் முதுகு குலுங்கியது.

"ஆடாதடி," என்றாள் அம்மா. "கோணிக்கப்போகுது."