நெற்றியில் ஆறு இருபது

ஆம்புலன்ஸ் நெரிசலில் நிற்கிறது, சைரன் மட்டும் கத்திக்கொண்டிருக்கிறது. கண்ணாடிப் பட்டறைக்காரரின் தொடையில், உடைந்த கண்ணாடி கிழித்த இடத்துக்கு மேலே, கறுப்புப் பட்டை முறுக்கி இறுக்கப்பட்டிருக்கிறது. ரத்தம் நின்றுவிட்டது. பட்டை கட்டிய நேரத்தை டாக்டர் பார்ப்பதற்காக நெற்றியிலேயே எழுதிவிடுவது ஆம்புலன்ஸ்காரர்கள் வழக்கம். நர்ஸ் நீல மையில் எழுதியிருக்கிறாள்: 6.20. பக்கத்தில் குந்தியிருக்கும் அவருடைய மனைவியின் தம்பி அதையே வெறிக்கிறான். "சிஸ்டர், மணி இப்பத்தானே ஆறு பத்து?" நர்ஸ் வாட்ச்சைப் பார்க்கிறாள். பட்டறையில் அவள் பார்த்தது, சுவரில் சாய்த்திருந்த கண்ணாடிக்குள் தெரிந்த கடிகாரத்தை. எண்கள் இல்லாமல் கோடுகள் மட்டும் போட்ட கடிகாரம். ஐந்து நாற்பது அதில் இடவலம் மாறி ஆறு இருபதாகத் தெரிந்திருக்கிறது. "கண்ணாடியில பார்த்து ஆறு இருபதுன்னு எழுதிட்டேன்," என்கிறாள். ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்க்கிறாள். மை போவேனா என்கிறது. குறுக்கே அடித்துவிட்டுக் கீழே 5.40 என்று எழுதுகிறாள். பட்டறைக்காரரின் வெளுத்த உதடு அசைகிறது. "அடிக்காதீங்கம்மா. முப்பது வருஷமா கண்ணாடிதான் எனக்குச் சோறு போடுது. அது சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆறு இருபதுதான் நான் போற நேரம்." "சும்மா இருங்க மாமா," என்கிறான் தம்பி. ஜன்னல் வழியாக வரும் சாயங்கால வெயில் அடித்த எழுத்தின் மேலேயே விழுகிறது. வண்டி ஒரு முழம் நகர்ந்து மறுபடி நிற்கிறது. "மணி என்னம்மா?" நர்ஸ் வாட்ச்சைக் கையுறைக்குள் தள்ளுகிறாள். "ஆறரை ஆச்சுங்க." "அப்ப தாண்டிட்டேன்," என்று அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்கிறார். தம்பி தன் போனை மெல்ல மடியில் கவிழ்த்து வைக்கிறான். அதில் 6.19.