மலையேறும் சத்தம்

வத்சலாவுக்குக் கணவர் கோதண்டத்தின் முகமும் பெயரும் மறந்துபோய் வெகுநாளாகிறது. மறக்காமல் இருந்தது அவருடைய கார் சத்தம் ஒன்றுதான். இருமிக்கொண்டே மலையேறி வரும் அந்தச் சத்தம் காதில் விழுந்தால் போதும், ஓடிவந்து கேட்டைத் திறந்து, "வந்துட்டீங்களா" என்பாள். அதுவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். சீக்கிரம் வந்துசேர்ந்து அந்த அழுகையைக் கொஞ்சமாவது குறைக்கத்தான் கோதண்டம் காருக்கு டர்போ இன்ஜின் மாற்றினார். "இனி மலையெல்லாம் உங்களுக்குச் சமதரை சார்" என்ற மெக்கானிக் ஜமால், கழற்றிய பழைய இன்ஜினைப் பாகம் பாகமாக விற்றும்விட்டார்.

அன்று பாதி நேரத்தில் வீடு வந்தார். கேட் திறக்கவில்லை. ஹாரன் அடித்தார். வத்சலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"யாரு சார்? எங்க வீட்டுக்காரர் இன்னும் வரலை. அவர் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும்."

"நான்தான் வத்சலா."

ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகை தொடங்கியது.

கோதண்டம் இன்ஜினை அணைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கேட்டில் நெற்றியைச் சாய்த்து, அந்தப் பழைய இருமலை வாயாலேயே எழுப்பத் தொடங்கினார். கடைசி வளைவில் கியரைக் குறைக்கும் இடம் வந்தபோது குரல் உடைந்தது.

உள்ளே அழுகை நின்றது.